காட்டைக் காக்க நிலம் எடுக்கப்படும்போது ஊர் எப்படி நடந்துகொள்கிறது?

ஆற்றோரம் (பட்டர்வொர்த்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம்.

நான் பட்டர்வொர்த்தில் பணிபுரிகிறேன். என் பெற்றோர் கெடா மாநிலத்தின் உட்பகுதியில், காட்டை ஒட்டிய ஒரு சிறிய கம்பத்தில் வாழ்கிறார்கள். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில் என் பாட்டனார் பால் வெட்டிச் சேர்த்த பணத்தையெல்லாம் போட்டு வாங்கிய நான்கு ஏக்கர் ரப்பர் நிலம்தான் எங்கள் குடும்பத்தின் ஒரே சொத்து. அந்த வரிசையில் எங்களைப் போல ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்களும் அதைவிடக் கூடுதலாக மலாய்க் குடும்பங்களும் இருக்கின்றன. சிலரிடம் நிலப்பட்டா இருக்கிறது. ஆற்றங்கரையில் பயிர் செய்யும் சிலர் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தை மட்டுமே வைத்திருக்கிறார்கள்.

அண்மையில் ஊர்ப் பொதுமண்டபமான பாலாய் ராயாவில் ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. பிரிந்து கிடக்கும் இரண்டு காட்டுப் பகுதிகளை இணைத்து, யானைகளும் மற்ற விலங்குகளும் கடந்து செல்ல வழித்தடம் ஒன்றை அமைக்கும் எண்ணம் இருப்பதாகவும், அதற்காகச் சில நிலங்கள் எடுக்கப்படலாம் என்றும் சொன்னார்கள். சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் பச்சைக் கோடு ஒன்று எங்கள் கிணற்றின் மேலேயே சென்றது. எப்போது, எவ்வளவு, யாருடைய நிலம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் இன்னும் முடிவாகவில்லை என்ற ஒரே பதில்தான் கிடைத்தது.

அன்றிலிருந்து ஊர் ஒரு நிலையில் இல்லை. பக்கத்து நிலத்து மலாய்ப் பெரியவர் (பாக் சிக் என்று அழைப்போம்) காலியிடம் முழுவதும் டுரியான் கன்றுகளை நட்டுக்கொண்டிருக்கிறார்; மரக்கணக்கு கூடினால் இழப்பீடும் கூடும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். இன்னொருவர், எப்படியும் போகப் போகிற வீடுதானே என்று, ஒழுகும் கூரைக்குத் தகரம் மாற்றாமல் விட்டுவிட்டார். பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்ட இரண்டு குடும்பங்கள் நல்ல விலை வந்தால் கொடுத்துவிடலாம் என்கின்றன. என் தந்தை எதுவும் பேசுவதில்லை. எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் முனியாண்டி கோயிலை என்ன செய்வார்கள் என்று என் தாயார் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

எனக்குக் காட்டின் மீது பகை இல்லை. பினாங்கு மாநிலம் எடுக்கும் ஆற்று நீரில் 80 விழுக்காட்டுக்கும் மேல் மூடா ஆற்றிலிருந்துதான் வருகிறது; அந்த ஆறு உலு மூடா காட்டில் பிறக்கிறது. காடு அழிந்தால் பட்டர்வொர்த்தில் என் பிள்ளைகளுக்குத் தண்ணீர் இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும், அந்தத் தண்ணீருக்கான விலையை என் பெற்றோர் மட்டும் தங்கள் நிலத்தால் கொடுப்பது நியாயமா என்ற கேள்வி என்னை விடுவதில்லை. இதுபோன்ற நிலையில் மற்ற ஊர்கள் என்ன செய்தன, எந்த அணுகுமுறை பலன் தந்தது, எது வீணானது என்று அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் ஊரில் கூடிப் பேச உதவும்.


நிலக்கணக்கர் (கோலாலம்பூர்) எழுதியது:

வணக்கம். நில மதிப்பீட்டுத் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் வர்ணித்த ஒவ்வொரு நடத்தையையும் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன்: மரம் நடுவது, கூரையை விட்டுவிடுவது, பேசாமல் இருப்பது, விலை கேட்பது. இவற்றைப் பேராசை என்றோ சோம்பல் என்றோ வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சொல்லிவிடுகிறார்கள். சட்டம் எந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது, எதை மூடி வைத்திருக்கிறது என்று பார்த்தால், மக்கள் ஏன் இப்படி நடக்கிறார்கள் என்பது தெளிவாகும்.

1960ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பொது நோக்கத்துக்காக நிலத்தை எடுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு வழங்குகிறது. 4ஆம் பிரிவின்கீழ் வரும் முதல் அறிவிப்பு, இந்தப் பகுதி தேவைப்படலாம் என்று மட்டும் சொல்லி, அதிகாரிகள் உள்ளே வந்து அளக்க வழி செய்கிறது. அடுத்து 8ஆம் பிரிவின்கீழ் வெளியாகும் பிரகடனந்தான் தலையெழுத்தைத் தீர்மானிப்பது. அது வெளியாகிவிட்டால், பட்டியலில் உள்ள நிலம் அந்த நோக்கத்துக்குத் தேவை என்பதற்கு அந்தப் பிரகடனமே முடிவான சான்று. தீய நோக்கம் இருந்தது என்பதுபோன்ற அரிய காரணங்களைக் காட்டினாலன்றி நீதிமன்றம் அதற்குள் நுழைவதில்லை.

அதன் பிறகு விசாரணை நடக்கும். நில நிர்வாகி இழப்பீட்டை அறிவிப்பார். ஏற்காதவர்கள் ‘என்’ படிவத்தில் ஆட்சேபம் தெரிவித்தால் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போகும். ஆனால் எதைப் பற்றி ஆட்சேபிக்கலாம்? 37ஆம் பிரிவு நான்கை மட்டுமே அனுமதிக்கிறது: நிலத்தின் அளவு, இழப்பீட்டுத் தொகை, அதைப் பெற வேண்டியவர் யார், அதை எப்படிப் பங்கிடுவது. நிலம் வேண்டும், பணம் வேண்டாம் என்பது அந்த நான்கில் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலருக்கு இது தெரியாது. இழப்பீட்டைக் கணக்கிடும் முறை சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. எவற்றைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அது சொல்லும் வரிசையில், நிலத்தை விட்டுப் பிரிய உரிமையாளருக்கு உள்ள மனமின்மையும் ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் தந்தையின் மௌனத்துக்கு இந்தச் சட்டத்தில் மதிப்பு பூச்சியம் என்பதைச் சட்டமே வெளிப்படையாகச் சொல்கிறது. விட மனமில்லாத ஒருவர் தம் மறுப்பை எங்கே கொண்டுபோய் வைப்பார்? திறந்திருக்கும் ஒரே கதவு தொகைதான். எனவே கோயில், கல்லறை, பாட்டனார் நட்ட மரம் எல்லாமே ஏக்கருக்கு இவ்வளவு ரிங்கிட் என்ற வழக்காகிவிடுகின்றன. பிறகு, மக்களுக்குப் பணம்தான் குறி என்று அதே மக்களைப் பற்றிச் சொல்கிறார்கள். என் பணிக்காலத்தில் என்னை மிகவும் வருத்திய விஷயம் இது.

ஆகவே என் ஆலோசனை: 8ஆம் பிரிவுப் பிரகடனத்துக்கு முந்தைய காலந்தான் உங்கள் ஊருக்கு உண்மையான காலம். வரைபடத்தில் உள்ள கோட்டை நகர்த்தச் சொல்வது, நிலத்தை எடுக்காமல் வேறு ஏற்பாடு கேட்பது, யார் யாருக்கு என்ன உரிமை என்று பட்டியல் தருவது ஆகியவற்றையெல்லாம் இப்போது எழுத்தில் செய்யுங்கள். கிராமத் தலைவர், சட்டமன்ற உறுப்பினர், மாநில ஆட்சிக்குழு, மாவட்ட நில நிர்வாகி என எல்லோருக்கும் நகல் போகட்டும். பிரகடனம் வந்துவிட்டால், விசாரணைக்கு நேரில் சென்று கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். நிலத்தின் ஒரு பகுதி மட்டும் எடுக்கப்பட்டால் மீதி நிலத்துக்கு ஏற்படும் சேதத்தையும், குடிபெயரும் செலவையும் தனித்தனியாகக் கேட்கலாம். கேட்காதவருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. விசாரணைக்கு வந்திருந்தவர், நில நிர்வாகி இழப்பீட்டை அறிவித்த நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் ஆட்சேபிக்க வேண்டும். அந்த ஆறு வாரத்தைக் கவலையில் கழித்துவிட்டு ஏழாவது வாரம் வழக்கறிஞரைத் தேடி வந்தவர்கள் உண்டு.


மோயாறு (ஜார்ஜ்டவுன்) எழுதியது:

நண்பருக்கு வணக்கம். நான் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பக்கத்தில் வளர்ந்து, இப்போது பினாங்கில் பணிபுரிகிறேன். காட்டுக்காக நிலம் கேட்கப்படுவது எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு தலைமுறையாகப் பேசப்படும் விஷயம் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

இந்தியாவில் 2006ஆம் ஆண்டில் இரண்டு சட்ட மாற்றங்கள் நிகழ்ந்தன. வன உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது ஒன்று. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிகள் காப்பகங்களுக்கான பிரிவு சேர்க்கப்பட்டது மற்றொன்று. இரண்டையும் சேர்த்துப் படித்தால், புலிகளின் முக்கிய வாழிடத்திலிருந்து மக்களை இடம் மாற்ற வேண்டுமானால் முதலில் அவர்களின் உரிமைகளைத் தீர்மானித்து முடிக்க வேண்டும். விலங்கும் மனிதரும் சேர்ந்து வாழ வழியில்லை என்று காட்ட வேண்டும். கிராம சபையின் சம்மதத்தைப் பெற வேண்டும். எழுத்தில் இவ்வளவு வலுவாக இருந்தும் களத்தில் பல இடங்களில் வரிசை தலைகீழாக நடந்தது. 2007ஆம் ஆண்டின் இறுதியில் முதுமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டபோது, மசினகுடியிலும் கூடலூரிலும் கடையடைப்பும் ஊர்வலமும் நடந்ததற்குக் காரணம் புலியின் மீதான வெறுப்பு அல்ல. தலைமுறைகளாக வாழ்ந்த இடம் திடீரென்று வேறொரு பெயரைப் பெறுகிறது என்பதைத் தங்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதே மக்களின் கோபம்.

இடம் மாறச் சம்மதித்த ஊர்களின் அனுபவத்தைத்தான் நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மத்தியப் பிரதேசத்தின் குனோ சரணாலயத்துக்காக 1990களின் இறுதியிலிருந்து 2003 வரை 24 கிராமங்கள் வெளியேற்றப்பட்டன. பெரும்பாலோர் சஹரியா பழங்குடியினர். குஜராத்தின் கிர் காட்டிலிருந்து சிங்கங்கள் வரப்போகின்றன, அவற்றுக்கு இடம் வேண்டும் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. 2013இல் உச்ச நீதிமன்றமே சிங்கங்களை அனுப்பச் சொல்லித் தீர்ப்பளித்தது. சிங்கங்கள் இன்றுவரை வரவில்லை. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து சிவிங்கிப்புலிகள்தான் வந்தன. ஒரு விலங்கின் பெயரால் ஊரை விட்டுக்கொடுத்தவர்கள் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் கழித்து வேறொரு விலங்கு வருவதைத்தான் பார்த்தார்கள். நிலத்தைக் கேட்பவரிடம், நீங்கள் சொன்ன நோக்கம் நிறைவேறாவிட்டால் நிலத்துக்கு என்ன ஆகும் என்று எழுத்தில் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

எங்கள் பக்கத்தில் தெங்குமரகடா என்ற ஊர் இருக்கிறது. மோயாற்றைக் கடந்துதான் போக வேண்டும். 1948இல் கூட்டுறவுப் பண்ணைச் சங்கம் வைத்து உருவான ஊர் அது. அங்குள்ளவர்களைக் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் கொடுத்து இடம் மாற்றும் விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. வெள்ளக் காலத்தில் நோயாளியைப் பரிசலில் கொண்டுபோன அனுபவம் உள்ளவர், பணம் கிடைத்தால் போய்விடலாம் என்பார். பணம் ஓரிரு ஆண்டில் தீர்ந்துவிடும், நிலத்துக்கு நிலம் கொடுங்கள் என்று கேட்பவரும் அதே தெருவில் இருப்பார். உங்கள் ஊரிலும் இதே பிளவைப் பார்க்கிறேன். ஊரை ஒரே குரலாகக் காட்ட முயலாதீர்கள். போக விரும்புபவருக்கு நல்ல விலை, இருக்க விரும்புபவருக்கு இருக்கும் வழி என்று இரண்டையும் ஒரே மனுவில் கேட்பதுதான் ஊருக்குள் சண்டை வராமல் காக்கும்.

சீகூர் யானை வழித்தடத்தையும் சொல்ல வேண்டும். 2010இல் தமிழ்நாடு அரசு அதை அறிவித்தது; 2011இல் உயர் நீதிமன்றமும் 2020இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தன. வழக்கை முன்னின்று நடத்தியவர்கள் விடுதி உரிமையாளர்கள். விடுதிகளைப் பற்றிய விவாதத்தில் சிறு விவசாயிகளின் குரல் கரைந்துபோனது. தனிப்பட்டவர்களின் ஆட்சேபங்களை விசாரிக்க, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவை உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பில்தான் அமைத்தது. பத்து ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது. உங்கள் ஊர்ப்பக்கத்தில் பெரிய செம்பனைத் தோட்டமோ உல்லாச விடுதியோ இருந்தால், அவர்களோடு கூட்டுச் சேர்வதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். அவர்களின் வழக்கும் உங்கள் வழக்கும் ஒன்றல்ல.

நம்பிக்கை தரும் கதையும் உண்டு. கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கசாமி மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட நிலையிலேயே, 2011இல் அங்குள்ள சோலிகர் பழங்குடியினரின் கிராம சபைகள் சமூக வன உரிமையைப் பெற்றன. அவர்கள் தேன், நெல்லிக்காய், பாசி ஆகியவற்றைச் சேகரித்து வாழ்கிறார்கள்; அதற்கடுத்து வந்த கணக்கெடுப்பில் அங்கே புலிகளின் எண்ணிக்கை கூடியிருந்தது. மக்கள் இருந்தால் விலங்கு வாழாது என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தும் உண்மை அல்ல.


செம்பருத்தி (செந்தூல், கோலாலம்பூர்) எழுதியது:

வணக்கம், சகோதரரே. மேலே இருவரும் எழுதியதில் விடுபட்ட ஒரு பகுதியை மட்டும் சேர்க்கிறேன். காகிதம் இல்லாதவர்களின் நிலை அது.

நம் மக்களில் பெரும்பாலோர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தும் ஓர் அடி நிலம் சொந்தமில்லாதவர்கள். துண்டாடல் காலத்தில் தோட்டங்கள் கைமாறியபோது, 1960இல், அன்று அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்ததே அந்த வேதனையிலிருந்துதான். உங்கள் பாட்டனார் தனியாக நான்கு ஏக்கர் வாங்கியது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். பினாங்கில் இருப்பவர்களுக்குக் கம்போங் புவா பாலா என்ற ஊரை நினைவூட்டத் தேவையில்லை. அது வீடமைப்புக்காக எடுக்கப்பட்ட நிலம், காட்டுக்காக அல்ல. ஆனாலும், மாடு வளர்த்து நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் பெயரில் நிலம் இல்லாதபோது நீதிமன்றத்தில் என்ன நேரும் என்பதை 2009இல் நாம் எல்லோரும் பார்த்தோம்.

பூர்வகுடி மக்கள் இதைவிட நீண்ட போராட்டத்தை நடத்தியிருக்கிறார்கள். சிலாங்கூர் டெங்கிலில், புக்கிட் தம்போயில் வாழும் தெமுவான் என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தில் ஒரு பகுதி 1995இல் விமான நிலைய நெடுஞ்சாலைக்காக எடுக்கப்பட்டது. பயிருக்கும் மரத்துக்கும் வீட்டுக்கும்தான் பணம் கொடுத்தார்கள். நிலம் அவர்களுடையதே இல்லை என்ற நிலைப்பாட்டில் நிலத்துக்கு எதுவும் கொடுக்கவில்லை. அவர்களில் ஒருவரான சாகோங் தாசியும் மற்றவர்களும் வழக்குத் தொடுத்தார்கள். வழிவழியாக வாழ்ந்த நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2002இல் உயர் நீதிமன்றமும், 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றன. 2010இல் சமரசம் ஏற்பட்டது. பதினைந்து ஆண்டுகள்! அந்த வழக்கில் அவர்களுக்குத் துணையாக நின்றவை முதியவர்களின் வாய்மொழிச் சாட்சியமும், யார் எந்த மரத்தை நட்டார்கள், எந்த ஓடை யாருடைய எல்லை என்ற நினைவும்தான்.

உங்கள் ஊரில் தற்காலிக உரிமத்தில் பயிர் செய்பவர்களைப் பற்றி ஒரே ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். அவர்கள்தான் முதலில் வெளியேற வேண்டியிருக்கும். அந்த உரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிடும். புதுப்பிக்காமல் விட்டாலே போதும், நில எடுப்புச் சட்டத்தைத் தொட வேண்டிய தேவையே எழாது. விசாரணையும் இல்லை, ‘என்’ படிவமும் இல்லை. பட்டா உள்ளவர்கள் தங்கள் விலையைப் பேசி முடித்துவிட்டு ஒதுங்கினால் அந்த மக்கள் தனியாக நிற்பார்கள். பல ஊர்களில் ஒற்றுமை உடைவது இந்த இடத்தில்தான். முதல் கூட்டத்திலேயே அவர்களையும் உட்கார வையுங்கள். எத்தனை ஆண்டுகளாக உரிமக் கட்டணம் செலுத்தியிருக்கிறார்கள் என்ற ரசீதுகளைச் சேகரியுங்கள்.


மலையடிவாரம் (பாலிக் புலாவ்) எழுதியது:

வணக்கம். நான் இயற்கைப் பாதுகாப்புப் பணியில் தன்னார்வலராக இருப்பவன். இந்த இழையில் காட்டின் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

மலாயாப் புலிகள் 150க்கும் குறைவாகவே எஞ்சியிருக்கின்றன. தீபகற்பத்தின் காடுகளைத் தொடர்ச்சியாக இணைக்க வகுக்கப்பட்ட மத்திய வன முதுகெலும்புத் திட்டம் 37 இணைப்பிடங்களை அடையாளம் கண்டது. அவற்றில் பல நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே தோட்டமாகவும் சாலையாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன. பிரகடனத்துக்கு முன் எல்லாவற்றையும் இழுத்துப் பேசுங்கள் என்று நிலக்கணக்கர் ஐயா சொல்வது ஊருக்கு நல்லது. ஆனால் அந்த இழுபறியில் விலை ஏறி, திட்டம் கைவிடப்பட்டு, அதே நிலம் பின்னர் பெரிய நிறுவனத்துக்குச் செம்பனைக்காக விற்கப்பட்டால் ஊரும் தோற்கும், யானையும் தோற்கும். வழி அடைபட்ட யானைக் கூட்டம் எங்கே போகும்? உங்கள் தந்தையின் ரப்பர் மரங்களுக்குள்தான் வரும். வழித்தடம் வராவிட்டால் ஊர் இப்போது இருப்பதுபோலவே இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

அதே நேரத்தில், வழித்தடம் என்றாலே நிலத்தை வாங்கி மக்களை அனுப்புவது என்று பொருள் கொள்வதை நானும் எதிர்க்கிறேன். பகாங்கின் சுங்கை யூ பகுதியில், தாமான் நெகாரா தேசியப் பூங்காவையும் தித்திவங்சா மலைத்தொடரையும் இணைக்கும் குறுகலான இடத்தில், சாலையைத் தூண்களின் மேல் உயர்த்தி விலங்குகள் கீழே கடக்க வழி விட்டார்கள். யானை நடப்பதற்கு ஊர் முழுவதும் காலியாக வேண்டியதில்லை. இரவில் ஒளியும் வேலியும் இல்லாத ஓர் ஓரம் போதும் என்ற இடங்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் உலுரு பாறையும் அதைச் சுற்றிய தேசியப் பூங்காவும் 1985இல் அங்குள்ள பூர்வகுடியினரான அனங்கு மக்களிடமே ஒப்படைக்கப்பட்டன; அவர்கள் அதை 99 ஆண்டுக் குத்தகைக்கு அரசிடம் கொடுத்து, நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை இடங்களை வைத்திருக்கிறார்கள். உரிமை ஊரிடம், பயன்பாடு காட்டுக்கு என்ற ஏற்பாட்டை உங்கள் நான்கு ஏக்கருக்கும் கேட்கலாம். ஆற்றை ஒட்டிய ஒரு பட்டையை மட்டும் குத்தகைக்குக் கொடுக்கிறோம், ஆண்டு வாடகை தாருங்கள், பட்டா எங்கள் பெயரிலேயே இருக்கட்டும் என்று.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். 2019ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தொடங்கி, காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு நிதி வழங்கிவருகிறது. முதலில் ஒதுக்கப்பட்டது 60 மில்லியன் ரிங்கிட். கெடாவின் காட்டு நீரைப் பினாங்கு பயன்படுத்துவதற்கு ஈடு வேண்டும் என்ற வாதமும் இரு மாநிலங்களுக்கிடையே பலகாலமாக நடக்கிறது. இந்த இரண்டிலும் அரசும் அரசும்தான் பேசிக்கொள்கின்றன. காட்டோரத்தில் யானைக்கு வழிவிடும் விவசாயிக்கு அதில் ஒரு பங்கு என்று கேட்க வேண்டியவர்கள், தண்ணீரைக் குடிக்கும் நாம்தான். நீங்கள் பட்டர்வொர்த்தில் இருப்பது அதற்கு நல்ல வாய்ப்பு. உங்கள் பெற்றோரின் மனு கெடாவில் போகட்டும், உங்கள் மனு பினாங்கில் போகட்டும்.


ஆற்றோரம் (பட்டர்வொர்த்) எழுதியது:

நால்வருக்கும் நன்றி. சென்ற வார இறுதியில் ஊருக்குச் சென்று இவற்றைப் படித்துக் காட்டினேன். மனமின்மையைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருப்பதைச் சொன்னபோது, இத்தனை நாள் வாய் திறக்காத என் தந்தை, அப்படியானால் அதை நம் மனுவின் முதல் வரியாக எழுது என்றார். எழுதப் போகிறோம். உரிமதாரர்களும் கையெழுத்திடுவார்கள், செம்பருத்தி அக்கா சொன்னது எங்களுக்கு உறைத்தது. குத்தகை யோசனையை இரண்டு மலாய்க் குடும்பங்கள் ஆர்வமாகக் கேட்டன. நிலக்கணக்கர் ஐயா, இன்னும் மூன்று ஐயங்கள் உள்ளன: பாக் சிக் நட்ட டுரியான் கன்றுகளுக்குப் பயன் உண்டா? கோயிலுக்கு என்ன செய்வது? முதல் அறிவிப்பு வந்து, அதன்பின் எதுவும் நடக்காமல் ஆண்டுக்கணக்கில் தொங்கினால் என்ன செய்வது?


நிலக்கணக்கர் (கோலாலம்பூர்) எழுதியது:

பாக் சிக்கிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பிரகடனத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் செய்யப்பட்ட மேம்பாட்டால் நிலத்தின் மதிப்பு கூடியிருந்தால், அந்தக் கூடுதல் கணக்கில் சேராது. நில எடுப்பை எதிர்பார்க்காமல் நல்லெண்ணத்தோடு செய்தது என்று நிரூபித்தால் மட்டுமே சேரும். கூட்டம் நடந்த பிறகு வரிசையாக நட்ட கன்றுகளை அப்படி நிரூபிப்பது கடினம். அவர் செலவிடும் பணம் வீணாகக்கூடும் என்பதோடு, அவருடைய பழைய மரங்களின் மீதும் ஐயம் விழும். இப்போது நிற்கும் மரங்களை, வயதும் சுற்றளவும் தெரியும்படி தேதியிட்ட படங்களாக எடுத்து வைப்பதே அவருக்குப் பயன்படும்.

கோயில் உங்கள் பட்டா நிலத்துக்குள் இருந்தால், பிரகடனத்துக்குப் பின் அது வெறும் கட்டுமானமாகவே மதிப்பிடப்படும். எனவே எல்லைக்கல்லிலிருந்து எத்தனை அடி, எந்தத் திசை, ஆண்டுப் பூசை எப்போது என்பதையெல்லாம் ஒரு வரைபடத்தோடு இப்போதே மனுவில் சேர்த்து, அந்தத் துண்டையும் அதற்குப் போகும் பாதையையும் கோட்டுக்கு வெளியே விடச் சொல்லுங்கள். கோடு இன்னும் முடிவாகவில்லை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். மனுவில் கூட்டம் நடந்த தேதியையும், அங்கே அப்படிச் சொல்லப்பட்டது என்பதையும் குறிப்பிடுங்கள்.

4ஆம் பிரிவு அறிவிப்பு வெளியாகி 12 மாதங்களுக்குள் 8ஆம் பிரிவுப் பிரகடனம் வராவிட்டால், முதல் அறிவிப்பு தானாகவே காலாவதியாகிவிடும். அரசு மீண்டும் அறிவிக்கலாம். ஆனால் கணக்கு புதிதாகத் தொடங்க வேண்டும், மதிப்பிடும் நாளும் மாறும். அறிவிப்பு அரசிதழில் வந்த தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அதுவரை அந்த நண்பர் கூரைக்குத் தகரம் மாற்றட்டும். பிரகடனத்துக்குப் பின்னும்கூட, வீட்டைப் பழுதின்றி வைத்திருக்கத் தேவையான செலவைச் சட்டம் ஒதுக்கித் தள்ளுவதில்லை.